ராஜினாமாவால் தப்ப முடியுமா? ஒரு விசாரணை பிறந்த கதை

1876 மார்ச் 2, காலை. அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் வில்லியம் பெல்க்னாப் கண்ணீரோடு வெள்ளை மாளிகைக்கு ஓடிவந்தார். அவர் நீட்டிய ராஜினாமாவை அதிபர் கிராண்ட் உடனே ஏற்றுக்கொண்டார். ஆனால் பிரதிநிதிகள் சபை விடவில்லை. அன்றைக்கே அவர்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டை ஒருமனதாக நிறைவேற்றியது. பதவியில் இல்லாதவரை எப்படி நீக்குவது என்ற கேள்வி செனட்டின் முன் வந்து நின்றது.

குற்றம் சிறியதல்ல. இன்றைய ஓக்லஹோமாவில் இருக்கும் ஃபோர்ட் சில் கோட்டைக் கடையின் உரிமம் கேலப் மார்ஷ் என்பவருக்குப் போக ஏற்பாடானது. ஏற்கெனவே கடை நடத்திவந்த ஜான் எவன்ஸ், கடை கைவிட்டுப் போகாமலிருக்க மார்ஷுக்கு ஆண்டுக்கு 12,000 டாலர் தர ஒப்புக்கொண்டார். அதில் பாதி பெல்க்னாப் வீட்டுக்குப் போனது. அந்தச் சுமை கடைசியில் விலையாகச் சிப்பாய்களின் தலையில்தான் விழுந்தது.

ஓய்வுபெற்றவரை விசாரிப்பது புதிதும் அல்ல. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1785இல் வங்காளத்தின் தலைமை ஆளுநர் பதவியை விட்ட பிறகே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவர்மீது குற்றம் சாட்டியது. 1787இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சட்டம் உருவானபோது, ஜார்ஜ் மேசன் அந்த வழக்கைச் சுட்டிக்காட்டியே பேசினார். அச்சட்டம் இரண்டு தண்டனைகளைச் சொல்கிறது: பதவி நீக்கம், இனி எந்தப் பதவியும் வகிக்கத் தடை. முதலாவது ராஜினாமாவோடு பயனற்றுப் போகலாம். இரண்டாவது போகாது.

1876 மே 29 அன்று, விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று 37க்கு 29 என்ற வாக்கில் செனட் முடிவு செய்தது. ஆகஸ்ட் 1 அன்று பெரும்பான்மையினர் பெல்க்னாப்பைக் குற்றவாளி என்றார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அவர் விடுதலையானார். எதிர்த்து வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம், செனட்டுக்கு அதிகாரமில்லை என்பதே.

2021 பிப்ரவரியில், பதவிக்காலம் முடிந்துவிட்ட டிரம்ப் விஷயத்திலும் அதே கேள்வி எழுந்தது. விசாரிக்கலாம் என்று 56 பேரும், கூடாது என்று 44 பேரும் வாக்களித்தார்கள். குற்றவாளி என்றவர்கள் 57 பேர், தேவைப்பட்டதோ 67.

பொதுப் பதவியில் இருந்தவர் எப்போது கணக்குக் காட்ட வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க விடக்கூடாது. ராஜினாமா பதவியைத்தான் முடிக்கும், பொறுப்பை முடிக்காது.