இருத்தலும் இடம் அளித்தலும்

திருக்கோயிலை வலம்வந்து வணங்கிய பின்னர்ச் சிறிது நேரம் அமர்ந்து செல்லுதல் நம் முன்னோர் போற்றிய வழக்கம். தரையில் அமர்வதற்கும் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரு கால்களையும் மடித்துத் தரையிற் பதிய இருத்தல் சம்மணம். சப்பணம் என்பதும் அதுவே. பந்தியில் உண்ணவும் பாடம் கேட்கவும் ஏற்ற நிலை இது. பாதங்கள் நிலத்தில் ஊன்ற, முழங்கால்கள் மேலெழ இருத்தல் குந்துதல். முழங்கால் நிலந்தோயப் பணிதல் மண்டியிடுதல். ஒரு காலின்மேல் மற்றொரு காலை இடுதல் அட்டணைக்கால். பெரியோர் முன் அவ்வாறு இருத்தல் தகாது என்பது இல்லந்தோறும் பயிற்றிய பாடம். ஆகவே இச்சொற்கள் உடலின் நிலையோடு, யார்முன், எதன்பொருட்டு இருக்கின்றோம் என்பதையும் உணர்த்தி நிற்கின்றன.

இவற்றுக்கெல்லாம் அடியாய் விளங்குவது 'இரு' என்னும் வினை. உட்கார்தலும் உயிர்வாழ்தலும் அவ்வொரு சொல்லில் அடங்கும். 'அமர்தல்' என்பதற்கோ தொல்காப்பியர் உரியியலில் மேவல், அதாவது விரும்புதல், எனப் பொருள் உரைத்தார்.

விரும்பி இருத்தலின் மாண்பைச் சங்ககால வரலாறு ஒன்று காட்டும். உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு மாறுபட்டு, அரசு துறந்து, உண்ணாநோன்பு பூண்டு வடக்கு நோக்கி இருந்தான். வடக்கிருத்தல் என்பது அந்நோன்பின் பெயர். பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் அவனை நேரிற் கண்டு பழகியவர் அல்லர். எனினும் அவர் வருவார் என உறுதியாக நம்பி, அவருக்கு இடம் ஒழித்து வைக்கச் செய்தான் சோழன். அவரும் வந்தார், நண்பனைப் போலவே வடக்கிருந்து உயிர் துறந்தார். புறநானூறு இதற்குச் சான்று. அரியணை துறந்த வேந்தன் நண்பனுக்கு அளித்தது நிலத்தில் ஓர் இடமே. அதனினும் உயர்ந்த இருக்கை எது?

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆதனங்களை வகுத்துரைத்தார். தென்முகக் கடவுள் இடக்காலை மடித்து வலத்தொடைமேல் இருத்தி, வலத்தாளை முயலகன்மேல் ஊன்றி அமர்ந்திருக்கின்றார். சனகர் முதலிய முனிவர் நால்வரும் திருவடியருகே தாழ இருந்து கேட்கின்றனர். உபநிடதம் என்னும் சொல்லுக்கே அருகில் கீழமர்தல் என்று பொருள் கூறுவர். அறிவு பெறுவோர்க்கு உரிய இடம் அது.

அவ்வாறு அமரும் பேறு எல்லார்க்கும் எளிதில் வாய்த்ததன்று. திருக்கோயிலுள் கால்வைக்கவும் ஒட்டாமல் ஒரு சாராரை நெடுங்காலம் புறத்தே நிறுத்தினோம். 1939ஆம் ஆண்டு மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் ஆலய நுழைவு நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டின் சட்டம் சென்னை மாகாணம் முழுமைக்கும் அவ்வுரிமையை உறுதி செய்தது. கண்டறியாத நண்பனுக்கும் இடம் ஒழித்த மரபினர், அருகில் வாழ்ந்தவர்க்கு அதனை அளிக்க எத்தனை காலம் கொண்டோம்!

முதுமையாலும் மூட்டுநோயாலும் நாற்காலியை நாடுவோரை நாம் குறை கூறோம். அமைதியாக இருத்தலே வேண்டுவது. இளஞ்சிறார்க்கோ சம்மணமிடக் கற்பிப்போம், அச்சொற்களையும் சொல்லிக்கொடுப்போம். இவ்விழா மண்டபத்தில் அமரும்போது, பின்னே வருபவர் எவராயினும் சற்றே ஒதுங்கி நம்மருகே இடம் அளிப்போம். இருத்தல் அப்பொழுதே நிறைவுறும்.