ரோஜா நிற மூக்கு

ஆம்பூரில் என் தாய்மாமா ஒரு டேனரியில் வாட்ச்மேனாக இருந்தார். ஈரத்தோல் குடோனைச் சுற்றி ராத்திரியெல்லாம் தெருநாய்கள் மொய்க்கும். அவற்றை விரட்ட மாமா ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கி வந்தார். உடம்பில் ஒரு கறை கிடையாது, மூக்கு ரோஜா நிறம். "அசல் ஜாதிடா, மூக்கைப் பாரு!" என்பார். ராஜா என்று பெயர் வைத்தோம். கூப்பிட்டால் திரும்பாது. திமிர் என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் மத்தியானம் தோல் லாரி ரிவர்ஸ் எடுத்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தார். சக்கரத்துக்குப் பின்னால் ராஜா தூங்கிக்கொண்டிருந்தது.

செவிடு என்று அப்புறம்தான் புரிந்தது. ராஜபாளையம் இனத்தில் இது பலரும் அறிந்த குறை. அது எப்படி வந்தது என்பதில்தான் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஒரு காலத்தில் இது காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய். புதருக்குள் சத்தம் கேட்காத நாயை வேட்டைக்காரன் எத்தனை நாள் வைத்துச் சோறு போடுவான்? வேலையே ஒரு சல்லடையாக இருந்திருக்கும். வேட்டை போனது, நாய் பங்களா வாசலுக்கு வந்தது. வாசலில் நிற்பதற்கு அழகு போதும். புள்ளி விழுந்த குட்டிகள் ஒதுக்கப்பட்டன, தூய வெள்ளைக்கு விலை ஏறியது. சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களை வளர்த்து விற்றது. 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலையும் வந்தது.

நிறம் தரும் செல்கள் தோலில் மட்டும் இல்லை, உள்காதிலும் உண்டு. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் மடிந்துவிடும். ரோஜா மூக்குள்ள எல்லா நாயும் செவிடல்ல. ஆனால் நிறமில்லாத நாயாகவே பொறுக்கி இணை சேர்த்தால், காதில் நிறமில்லாத குட்டிகளும் கூடவே பெருகும். டால்மேஷியனிலும் இதே கதைதான். பிறக்கும்போதே பெரிய கருந்திட்டோடு வரும் டால்மேஷியன்களுக்குச் செவிடு குறைவு. ஆனால் அந்தத் திட்டு கண்காட்சி விதிப்படி தகுதியிழப்பு! என் தொழிலில் 'பக்'கை 'ஃபீச்சர்' என்று விற்பதைக் கேலியாகச் சொல்வோம். நாங்கள் அதைக் காசு கொடுத்தே வாங்கினோம்.

இதில் இன்னொரு சிக்கல், ஒற்றைக் காது செவிடு. தட்டைத் தட்டிப் பார்த்தால் அந்த நாய் திரும்பிவிடும், ஆரோக்கியமான நாய் என்று இணை சேர்ப்பார்கள். மூளைத்தண்டின் மின்னலைகளை அளக்கும் பேயர் சோதனைதான் ஒவ்வொரு காதையும் தனித்தனியாகக் காட்டும். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு விதிகள் பெட்டைக்கு 18 மாதம் நிறைய வேண்டும், வருஷத்துக்கு ஒரு ஈற்றுதான் என்றெல்லாம் சொல்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் கறையில்லாத வெள்ளைதான் வேண்டும் என்று கேட்கும் மாமாக்களுக்கு விதி ஏது?

தோலில் கறை இருந்தால் கிரேடு குறையும் என்பது எங்கள் ஊர்ப் பாடம். மாமா அதை நாய்க்கும் போட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

ரிட்டையர் ஆனபின் இன்னொரு ராஜபாளையம் வாங்கினார். இடது காதில் பழுப்புத் திட்டு. அதனாலேயே பாதி விலைக்குக் கிடைத்ததாம். நான் போயிருந்தபோது அடுப்படியில் டம்ளர் விழுந்தது. திண்ணையில் படுத்திருந்த குட்டி எழுந்து குரைத்தது. மாமா அதை அதட்டவில்லை.