விளக்கு சொல்லாதது

போன கோடையில், தாம்பரத்தில் என் வீட்டுக் கிணற்று மோட்டாரின் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிந்தது. தொட்டியில் மட்டும் தண்ணீர் ஏறவில்லை. "மோட்டார் ஓடுகிறதே!" என்று சாதித்தேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஓய்வு பெற்ற அடுத்த வீட்டுப் பெரியவர் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"ஸார், சுவிட்ச் போட்டாயிற்று என்றுதான் விளக்கு சொல்கிறது. தண்ணீர் ஏறுவதாகச் சொல்லவில்லையே?" என்றவர், திண்ணையில் உட்கார்ந்து அமெரிக்கக் கதையை ஆரம்பித்தார்.

1979 மார்ச் 28. பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையம். விடியற்காலை நாலு மணிக்கு, அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று திரும்ப மூடிக்கொள்ளவில்லை. கட்டுப்பாட்டு அறையில் அதன் விளக்கோ அணைந்துவிட்டது. 'மூடு' என்ற உத்தரவு போனதைத்தான் அது காட்டியது, மூடியதை அல்ல. உலையின் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. அழுத்தக் கலத்தில் நீர்மட்டம் ஏறுவதைக் கண்ட இயக்குநர்கள், அது முழுக்க நிரம்பிவிடக் கூடாது என்று கற்ற பாடப்படி, உலையைக் காக்க வந்த அவசர நீரையே குறைத்தார்கள். சோம்பேறிகள் அல்ல அவர்கள், சொல்லிக்கொடுத்ததைச் செய்தவர்கள். அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேலான பிறகு, அப்போதுதான் பணிநேரத்துக்கு வந்த ஒருவர் சந்தேகப்பட்டதால் அந்த வழி அடைபட்டது. காலம் கடந்துவிட்டது. எரிபொருளில் ஏறக்குறையப் பாதி உருகிற்று.

ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த கெமனி குழு, பயிற்சியின் குறையையும் எடுத்துச் சொன்னது. கல்பாக்கத்தின் முதல் மின்னுலை இயங்கத் தொடங்கியது 1983-ல். பிற்பாடு அங்கே ஈனுலைக்கென்று, அசல் கட்டுப்பாட்டு அறையை அப்படியே உரித்துவைத்தாற்போல் ஒரு பயிற்சி அறை அமைத்தார்கள். அங்கே ஆசிரியர் வேண்டுமென்றே கோளாறு வைப்பார். மாணவர் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் மோட்டார் என்னவாயிற்று என்கிறீர்களா? ஃபுட் வால்வில் சருகு. அதையும் பெரியவர்தான் கண்டுபிடித்தார்.