85 ரூபாய்ப் பெட்டி
மலையும் மலையடிவாரமும் – 14

கொடைக்கானலில் குணா குகைக்கு வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. குகைக்குள் யாரையும் விடுவதில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கண்ணுக்கே தெரியாத பள்ளத்தைப் பார்த்துப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பாட்டைக் கத்துகிறார்கள். 1991-ல் வந்த 'குணா' படத்துப் பாட்டு. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்த பிறகு கத்தல் இன்னும் கூடிவிட்டது. கேரளத்துப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை முழுசாக மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். வெள்ளைக்காரர்கள் 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர் வைத்த பள்ளம், ஒரு மெட்டின் தயவால் இன்று திருவிழாக் கூட்டம் காண்கிறது.

மெட்டுப் போட்டவர் இளையராஜா என்பது ஊரறிந்த சேதி. ஆனால் அவர் ராசையாவாக இருந்த காலத்தில், இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றியது. அந்தக் குழுவின் தலைவரைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் எழுதாமல் இந்தத் தொடரை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. பாவலர் வரதராசன். 'இளையராஜாவின் அண்ணன்' என்று ஒரே அடைமொழியில் நாம் முடித்துவிடுகிற மனிதர்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியைத் தாண்டி மேற்கே போகும் பழைய பாதை டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறில் கொண்டுபோய் விடும். ஒரு காலத்தில் கார்கள் போன பாதை. இப்போது வனத்துறை பூட்டிவிட்டது. பழனி மலையும் மூணாறு மலையும் அந்த இடத்தில் தோளோடு தோள் ஒட்டிக்கொள்கின்றன. டாப் ஸ்டேஷனில் நின்று தெற்கே குனிந்தால் குரங்கணி, அதற்குக் கீழே போடிநாயக்கனூர். போடியிலிருந்து மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போனால் தேவாரம், அடுத்து பண்ணைப்புரம், அப்புறம் கோம்பை. அன்று எல்லாம் மதுரை மாவட்டம்.

மேலே தேயிலை, ஏலம், காப்பி. கீழே அதற்கு ஆள் அனுப்பும் ஊர்கள். போடி, கம்பம் வட்டாரத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு ஏலக்காட்டுக்குப் போய் இருட்டியதும் திரும்புவதை இன்றும் பார்க்கலாம். அன்று ஜீப் இல்லை, நடை. மேலேயே தங்கிவிட்டவர்களுக்கு லயத்து வீடு, ஆள் எண்ணும் பிரட்டுக் களம், கங்காணி, தொரை.

பண்ணைப்புரத்து ராமசாமி அப்படி எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். அவருடைய மூத்த மகன் வரதராசன். பாஸ்கர், ராசையா, அமர்சிங் மூவரும் ராமசாமியின் மனைவி சின்னத்தாயம்மாளின் பிள்ளைகள். அந்த அம்மாளுக்குத் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாம் வாயில் இருந்தன. ராசையா பின்னால் இளையராஜா ஆனார், அமர்சிங் கங்கை அமரன் ஆனார். கங்காணியின் மகன், கூலிக்காரர்களின் கட்சியான கம்யூனிஸ்டுக் கட்சியில் போய்ச் சேர்ந்தார். ஆள் பிடிப்பது தகப்பன் தொழில். அதே ஆட்களுக்காகப் பாடுவது மகன் தொழில். நாவலில் யாராவது எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.

கட்சி மேடையில் பாடகர் என்பது அவர் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. நாடக மேடையில் தேசப் பாட்டைப் பாடிப் பாடியே சிறைக்குப் போய்வந்த விஸ்வநாத தாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிரை விட்டார். அவரோடு நடித்த மதுரை கே.பி. ஜானகி அம்மாள் நாடகத்தில் பேரும் காசும் சம்பாதித்துவிட்டு, அத்தனையையும் உதறிக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு வந்தார். 1967-ல் சட்டமன்றத்துக்கே போனார். எதிர்ப்பக்கத்தில் திராவிட இயக்கத்துக்கு நாகூர் அனிபாவின் வெண்கலக் குரல் இருந்தது. தலைவர் வரத் தாமதமாகும், கூட்டம் கலைந்துவிடக் கூடாது. அந்த இடைவெளியில் முளைத்த கலை இது. பேச்சாளருக்காகக் காத்திருக்கப் பாட்டு. நாளடைவில் சனங்கள் பாட்டுக்காக வந்து, பேச்சைப் பொறுத்துக்கொண்டார்கள்.

வரதராசன் கையாண்ட உத்தி எளிமையானது. டூரிங் டாக்கீஸில் ஓடும் படத்தின் மெட்டை எடுத்துக்கொள்வார். சொல்லை மட்டும் மாற்றிவிடுவார். மெட்டு ஏற்கெனவே சனங்கள் நாக்கில் இருப்பதால், புதுச் சொல் ஒரே ராத்திரியில் ஊர் முழுக்கப் பரவும். காதலன் காதலியைக் கேட்ட கேள்வியை ஓட்டர் மந்திரியைக் கேட்பார். அமெரிக்காவில் ஜோ ஹில் என்று ஒரு தொழிலாளி இதையேதான் செய்தார். தெருவில் பாடப்படும் தேவாலயப் பாட்டு மெட்டுகளில் வேலைநிறுத்தச் சொற்களை ஏற்றினார். 1915-ல் யூட்டா மாநிலத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், சட்டப்படி. பண்ணைப்புரத்துக்காரருக்கு ஜோ ஹில்லைத் தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அச்சடித்த துண்டுப்பிரசுரத்தைப் படிக்கத் தெரியாத சனத்திடம் போகிறவனுக்கு எந்த நாட்டிலும் இந்த வழிதான் தட்டுப்படும்.

இப்போது 1958-க்கு வருவோம். தேவிகுளம் இடைத்தேர்தல்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தோட்டங்களில் பேச்சு தமிழ், ஆபீஸில் மலையாளம், தொரை பங்களாவில் ஆங்கிலம். 1957 தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சி 126 இடங்களில் 60 பெற்று, ஐந்து சுயேச்சைகளின் துணையோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் ஆட்சி அமைத்தது. நூலிழைப் பெரும்பான்மை. தேவிகுளத்தில் ஜெயித்தவர் ரோசம்மா புன்னூஸ். விடுதலைப் போராட்ட வீராங்கனை அக்காம்மா செறியானின் தங்கை. அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயம் சொல்லிவிட, மறுபடியும் ஓட்டு. ஓர் இடம் போனாலும் ஆட்சியின் மூச்சு முட்டும் என்பதால் நாடே அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓட்டர்களோ லயத்துத் தமிழர்கள். திருவனந்தபுரத்துப் பேச்சாளர்களின் மலையாளம் அவர்களுக்கு அரையும் குறையுமாகத்தான் புரியும். அங்கேதான் பாவலர் தேவைப்பட்டார். போடியிலிருந்து மலையேறினார். பகலெல்லாம் கொழுந்து கிள்ளிக் கைவிரல் கறுத்துப்போன பெண்கள், சாயந்திரம் லயத்து முற்றத்தில் உட்கார்ந்து தங்கள் ஊர்ப் பேச்சில் தங்கள் கூலியைப் பற்றிய பாட்டைக் கேட்டார்கள். ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். 1957-ஐவிட வித்தியாசம் கூடுதல், ஏழாயிரம் ஓட்டுக்கு மேல்.

வெற்றிக் கூட்டத்தில் இ.எம்.எஸ். இந்த வெற்றி பாவலருக்குச் சேர வேண்டியது என்ற பொருளில் பேசினார் என்பது பழைய தோழர்களும் தம்பிகளும் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. அவர் சொல்லியிருக்கக்கூடியவர்தான். ஆனால் ஏழாயிரம் ஓட்டைப் பாட்டின் கணக்கில் மட்டும் எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. தோட்டங்களில் சங்கம் கட்டிய தொழிலாளர்களின் உழைப்பு அதற்கு அடியில் கிடக்கிறது. அந்த உழைப்புக்கு அவர் குரல் கொடுத்தார். ஆட்சி மறு வருஷமே, 1959 ஜூலை 31 அன்று, டில்லியால் கலைக்கப்பட்டது வேறு கதை.

ராசையா குழுவுக்குள் வந்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். வயது பதினான்கு, பதினைந்து. குடும்பம் நடத்தப் பணமில்லாமல் வைகை அணை கட்டும் இடத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன். இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதினேன், கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் மேகம் விலகிய நாளில் தெற்கே பளபளக்கும் தண்ணீர்தான் வைகை அணை, 1959-ல் திறந்தது. அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட சமயத்தில், தம்பியையும் கூட்டிக்கொண்டு போ, கொஞ்ச நேரம் அவன் பாடினால் உனக்கு ஓய்வு கிடைக்கும் என்று சின்னத்தாயம்மாள் சொல்லி அனுப்பியதாக இளையராஜா சொல்லியிருக்கிறார். ஒரு தாயின் நடைமுறை யோசனை. உடையாத சிறுவன் குரல் ஆனதால் பெண் பாட வேண்டிய பகுதிகள் அவன் தலையில் விழுந்தன. கூட்டத்துக்கு அது தனி ருசி.

அப்புறம் பத்து வருஷம் ஓயாத அலைச்சல். தமிழ்நாடு முழுக்க, மலை தாண்டிக் கேரளம் வரைக்கும். பஸ், லாரி, மாட்டு வண்டி எது கிடைக்கிறதோ அது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், கரகரக்கும் மைக் செட், மேடைக்குப் பதிலாகச் சில ஊர்களில் நாலு பெஞ்சு. மொத்தம் 20,000 கச்சேரி என்று ஒரு கணக்குப் புழங்குகிறது. பத்து வருஷத்துக்கு நாள் 3,650-தான்; நாளுக்கு ஐந்து கச்சேரிக்கு மேல் வருகிறது. தேர்தல் சமயத்தில் ஒரே நாளில் ஏழெட்டுத் தெருமுனையில் நின்று ஆளுக்கு இரண்டு பாட்டுப் பாடியதையும் சேர்த்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போகலாம். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பாதியாக இருந்தாலே எந்தச் சங்கீதப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத பழக்கம். எந்த இடத்தில் கூட்டம் பீடி பற்றவைக்க எழுந்து போகிறது, எந்த இடத்தில் அழுகிற குழந்தையை அதட்டிவிட்டுக் காதைத் தீட்டுகிறது என்பதை இரவுக்கு இரவு கண்ணால் பார்த்த பையன் அவன். பிற்பாடு படத்துக்குப் பாட்டமைக்கும்போது அந்தக் கண் மூடிக்கொண்டிருக்குமா?

அந்தக் குழுவின் உயிர்நாடி ஒரு ஆர்மோனியப் பெட்டி. கோவையில் 85 ரூபாய்க்கு அண்ணன் வாங்கியது என்று இளையராஜா மேடைகளில் சொல்லியிருக்கிறார். வாங்கிய அண்ணன் தம்பிகளை அதைத் தொடவிட மாட்டார். தொட்டால் அடி விழும். அவர் வெளியே போன நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக விரலைப் பழக்கிக்கொண்டார் ராசையா.

ஆர்மோனியத்துக்கு அந்த நாளில் இன்னொரு பெரிய வீட்டிலும் தடை இருந்தது. பாரீஸில் 1842-ல் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கிய வாத்தியம். காலால் மிதித்து வாசிப்பது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி அசைக்கும் சின்னப் பெட்டியாக்கினார். தரையில் சம்மணம் போட்டு வாசிக்க வந்ததும் நாடகக்காரன், பஜனைக்காரன், பாகவதர் எல்லோரும் அதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். வித்வான்களுக்கோ ஆகவில்லை. சுரத்தைக் கட்டை போல நிறுத்திவிடுகிறது, கமகம் வராது, அந்நியச் சரக்கு என்று குறை. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை உள்ளே விடுவதில்லை என்று கதவைச் சாத்தியது. 1971 வரை சாத்தியபடியே இருந்தது. பாவலர் குழு சுற்றிய காலம் முழுவதும் அந்தத் தடைக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. வித்வான்களின் குறை பொய்யல்ல. ஆனால் லயத்து முற்றத்தில், பனியில், தம்பூராவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? திறந்தவுடன் சுருதி தருகிற பெட்டி அது. மலையேறித் தூக்கிக்கொண்டு போகவும் முடியும்.

1964 மே 27 அன்று நேரு இறந்தார். கண்ணதாசன் ஓர் இரங்கற்பா எழுதினார். அதற்கு ராசையா தானே மெட்டமைத்தார். பிறர் மெட்டில் அண்ணனின் சொல்லைப் பாடிக்கொண்டிருந்த குழுவில், இன்னொருவர் சொல்லுக்குத் தம்பியின் மெட்டு. அவர் இசையமைத்த முதல் பாட்டு அதுதான். படத்துக்காக அமைத்தது அல்ல. அதே வருஷம் கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டாகப் பிளந்ததையும் பக்கத்தில் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

1968-ல் தம்பிகள் சென்னைக்குப் புறப்பட்டார்கள். அல்லிநகரத்துச் சிநேகிதர் பாரதிராஜா சினிமா ஆசையில் முன்னாலேயே போயிருந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976-ல் 'அன்னக்கிளி' என்று அதன் பிறகு நடந்ததைச் சொல்ல இந்தத் தொடர் வேண்டாம். நூறு பேர் எழுதிவிட்டார்கள். பாவலர் பாடிய பாட்டுகளை ரிக்கார்டு போட யாரும் வரவில்லை. மைக் செட்டை அணைத்ததும் அந்தந்த ஊர் இருட்டோடு அவை போய்விட்டன.

சென்னைக்குப் போகக் கைச்செலவுக்கு வேண்டுமே. சின்னத்தாயம்மாள் வீட்டில் இருந்த ரேடியோவை விற்று 400 ரூபாயைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார் என்று இளையராஜா சொல்கிறார். ஆர்மோனியத்தை உள்ளே விடாத ரேடியோ அப்படி விலைபோயிற்று. 85 ரூபாய்ப் பெட்டியை விற்கவில்லை. இன்றும் அவரிடம்தான் இருக்கிறது.

(தொடரும்)