குமாரி: ஒரு படி இறங்கிய பெயர்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த படம் 'மந்திரி குமாரி'. தலைப்பில் நாயகியின் பெயர் இல்லை, அப்பாவின் உத்தியோகம்தான் இருக்கிறது. படத்தில் அமுதவல்லி என்று அழகான பெயர் இருந்தும் சுவரொட்டிக்கு அது போதவில்லை.

குமரி என்றால் இளம்பெண். யார் வீட்டுப் பெண் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஒரு கால் சேர்ந்து குமாரியானால் உடனே தகப்பன் வந்து நிற்பார். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் 'ஜேஷ்ட குமாரத்தி' என்று அச்சடித்ததும் அவர் மதிப்புக்காகத்தானே!

'மந்திரி குமாரி'க்கு மூன்று ஆண்டு முன்பு கோவையிலிருந்து ஜூபிடரின் 'ராஜகுமாரி' வந்தது. எம்.ஜி.ஆர். நாயகனான முதல் படம். இரண்டிலும் கருணாநிதியின் எழுத்து உண்டு. ராஜா போய் மந்திரி வந்ததில் பெண் ஒரு படி இறங்கினாள், கதையோ ஏறிவிட்டது. 'மந்திரி குமாரி'யில் ராஜகுமாரியும் இருக்கிறாள், ஆனால் தலைப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை.

கதையின் வேர் குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியம். பாலி உரைகளில் அதன் நாயகி ராஜகிருகத்துச் சேட்டியின் மகள். சேட்டி என்றால் பெருவணிகன், நம் செட்டிக்கு உறவான சொல். கொலைக்களத்துக்குப் போகும் திருடனைக் கண்டு மனம் கொடுக்கிறாள். அவன் அரசப் புரோகிதனின் மகன். புரோகிதன் சேலத்துக்கு வரும்போது ராஜகுருவாகிவிட்டார், சேட்டி மந்திரியாகிவிட்டார். பணத்தின் இடத்தில் பதவி உட்கார்ந்தது. கொல்வதற்காக மலையுச்சிக்குக் கூட்டிப்போன கணவனை அவளே தள்ளிவிடுவது மட்டும் மாறவில்லை.

டி.ஆர்.சுந்தரத்தோடு படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கன் தமிழ் அறியாத அமெரிக்கர். அவர் இந்தியா வருவதற்கு முந்தைய ஆண்டு, 1934-ல், ஹாலிவுட்டில் ஓடியது 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்'. கோடீஸ்வரர் மகள் வீட்டைவிட்டு ஓடி, வேலை போன நிருபரைக் காதலிப்பாள். அந்த ஊர்ப் படங்களில் இப்படிப்பட்ட பெண்ணுக்குப் பட்டம் 'ஏரஸ்', அதாவது சொத்துக்கு வாரிசு. அவளுக்கு அப்பன் பணம் அடையாளம், நம்மவளுக்கு அப்பன் நாற்காலி. எனக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வசனம் எழுதிய கருணாநிதி 1967-ல் தாமே மந்திரியானார். அவர் கட்சியார் 'அமைச்சர்' என்றார்கள். சேலத்துப் பக்கம் கிராமங்களில் இன்றும் வருவது மந்திரிதான்.