பரவசம்

பரவசம் என்பது தன்னை மறக்கச் செய்யும் பெருமகிழ்ச்சியைக் குறிக்கும் சொல். பக்தியாலோ இசையாலோ அன்பாலோ உள்ளம் நிறைந்து, உடலும் அறிவும் தன் பிடியில் நில்லாத நிலை இது. கண்ணீர், மெய்சிலிர்ப்பு, நாத்தழுதழுப்பு, மயக்கம் ஆகியவை இதன் புறக்குறிகள்.

சொற்பிறப்பு

இது வடமொழிச் சொல். ‘பர’ என்பது பிறர். ‘வசம்’ என்பது ஆட்சி. கைவசம், வசப்படுதல் முதலியவற்றில் இருப்பதும் இதே ‘வசம்’தான். ஆகவே, பிறர் ஆட்சிக்கு உட்பட்டிருத்தலே முதற்பொருள். இறைவனால் ஆட்கொள்ளப்படுவதே பேறு என்று கண்ட பக்தி மரபில் அடிமையும் ஆனந்தமும் ஒன்றாயின. நம்மாழ்வார் கண்ணனின் எளிமையை நினைந்து ஆறு மாதம் மூர்ச்சித்துக் கிடந்தார் என்பது வைணவ மரபு. கிரேக்கரின் ‘எக்ஸ்டாசிஸ்’ என்ற சொல்லும் தன்னிலையிலிருந்து விலகி நிற்பதையே சுட்டும்.

நெருங்கிய சொற்கள்

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக உவகையைக் கூறி, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கும் அதன் பிறப்பிடம் என்கிறது. களிப்பும் மகிழ்ச்சியும் கள்ளோடு தொடர்புடையவை. சங்க நூல்களில் ‘மகிழ்’ என்பது கள்ளையும் குறிக்கும். நினைத்ததும் களிப்பதும் கண்டதும் மகிழ்வதும் காமத்துக்கே உண்டு, கள்ளுக்கு இல்லை என 1281ஆம் குறள் பிரித்துக் காட்டுகிறது. பூரிப்பு என்பது உள்ளம் நிறைந்து விம்முவது. அதில் தன்னிலை இழப்பதில்லை.

மலையக வழக்கு

இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்ட உள்ளிட்ட சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் பரவசம் ஏட்டுச் சொல். மக்கள் நாவில் இருப்பவை ‘அருள் வருதல்’, ‘சாமி வருதல்’. அயலிலுள்ள சிங்களவர் இந்நிலையை ‘ஆவேச’ என்பர். தமிழில் ஆவேசம் பெரும்பாலும் சினத்தைச் சுட்டும்.

மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் இந்த அருள்நிலை வெளிப்படும். தீயில் காய்ச்சிய தப்பு என்னும் பறையின் அடி விரைவுபடும்போது ஒருவருக்கு உடல் நடுங்கத் தொடங்கும், கூந்தல் அவிழும். அருகிலிருப்போர் விழாமல் தாங்கிப் பிடித்து, மஞ்சள் நீர் ஊற்றி, வேப்பிலையைக் கையில் கொடுப்பர். வந்திருப்பது எந்தச் சாமி என்று கேட்டு, வாக்குக் கேட்பர். திருநீறு பூசியபின் அருள் நீங்குவதைச் ‘சாமி மலையேறிவிட்டது’ என்பர்.

தேயிலைக் கொழுந்து எடுப்பவரும் இரப்பர் பால் வெட்டுபவரும் ஆண்டு முழுதும், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பிறர் கட்டளைக்குக் காத்து நிற்பவர்கள். சாமி வந்த பொழுதில் அவர்கள் சொல்லைத் தோட்டமே கைகூப்பிக் கேட்கும். பரவசத்தின் இரு பொருளும், பிறர் ஆட்சியும் பேருவகையும், ஒரே வாழ்வில் சந்திப்பது இங்கேதான். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர் அம்மக்களின் வரலாற்றில் ஒரு பாதியைப் படிக்காமல் விடுகிறார்.