சீமைக்குப் போனவர்களும் ஊருக்குப் போனவர்களும்

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பாட்டையா கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் உபதேசியாராக இருந்த காலத்துப் பெட்டி. மூடியின் உட்புறம் ஆச்சி ஆணியால் கீறிய நாலு கோடுகள் உண்டு. குடும்பத்தோடு ஊருக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. முப்பது வருச ஊழியத்தில் நாலே நாலு.

வெள்ளைக்கார மிஷனரிமார் சீமைக்கு, அதாவது இங்கிலாந்துக்கு, போனதும் திரும்பியதும் அவர்களை அனுப்பிய சங்கத்தின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. உபதேசியார் குடும்பங்கள் போய் வந்ததற்கு இந்த மாதிரிக் கோடுகள்தான் சாட்சி. அதனாலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

அந்தச் சங்கம் சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கம். அதன் ஆட்கள் இலங்கைக்கு வந்தது 1818-இல். அந்த வருசமே கண்டிக்கும் வந்துவிட்டார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். போக நாலைந்து மாதம், வர நாலைந்து மாதம். சீமைப் பயணம் என்றாலே உடம்பு முற்றிலும் நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். கண்டியில் பல வருசம் உழைத்த தாமஸ் பிரவுனிங் அப்படித்தான் 1838-இல் கப்பலேறினார். ஊர் போய்ச் சேரவில்லை, கடலிலேயே இறந்தார். 1835-இல் வந்த வில்லியம் ஓக்லி 1886-இல் இந்த மலைநாட்டிலேயே கண்மூடும்வரை ஒரு தடவைகூட இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. ஐம்பத்தொரு வருசம்! வைராக்கியம் என்று புகழ்கிறார்கள். எனக்கு அவரை வழியனுப்பிவிட்டுக் காத்திருந்த வீட்டாரின் நினைப்புத்தான் முதலில் வருகிறது.

பிள்ளைகள் பாடு இன்னொரு விதம். காலிப் பக்கம் பத்தேகமவில் ஊழியம் செய்த ராபர்ட் மேயர் 1828-இல் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். அவர் மகன் ஜான் பத்தேகமவில் 1825-இல் பிறந்தவர். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் லத்தீன் பேராசிரியர். மூன்று வயதுப் பிள்ளைக்கு எது சொந்த ஊர்? அப்பா பிறந்த இடம் அவனுக்கு அந்நிய தேசம்தானே. என் அப்பாவும் தன்னைப் பற்றி இதைத்தான் சொல்வார்.

நம் ஆட்கள் கதை கோப்பித் தோட்டங்களோடு தொடங்குகிறது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கண்டிக்கு நடந்து வந்த கூட்டத்தில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகவும் மற்றவர்களுக்காகவும் 1854-இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ ஏற்பட்டது. திருநெல்வேலிச் சபை உபதேசியார்களை அனுப்பியது. தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். பெயரிலிருந்த ‘கூலி’ பிற்காலத்தில் போயிற்று. கடல் தாண்டி வந்து, வேற்று மண்ணில் குடியிருந்து, மழையிலும் அட்டைக் கடியிலும் தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை முடிந்த நேரத்தில் லயத்து வாசலில் ஜெபம் நடத்தியவர்கள் இந்த உபதேசியார்கள். இவர்களும் மிஷனரிமார்தான். அந்தப் பட்டத்தை யாரும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

1914-இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு ஊர்ப் பயணம் சுலபமாயிற்று. கண்டியில் ரயிலேறி, பொல்கஹவெலயில் மாறி, தலைமன்னார் போய்க் கப்பல்; அக்கரையில் மறுபடி ரயில்; திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் இறங்கி மாட்டுவண்டி. பனங்காட்டுக்கு மேலே மெய்ஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் தெரிந்ததும் பாட்டையா வண்டியை நிறுத்தி இறங்கி, மணலில் முழங்கால் போடுவாராம். அப்பாவுக்கோ கால் பொள்ளும். மலைக் குளிரில் வளர்ந்த பிள்ளைக்குத் தேரி மணல் நெருப்பு. ஊர்ப் பையன்கள் அவரைக் ‘கண்டியான்’ என்றார்கள். தோட்டத்தில் அவர் ‘ஊர்க்கார உபதேசியார் மகன்’.

ஊரில் இருக்கும் ஒன்றரை மாதமும் ஓய்வில்லை. சீமைக்குப் போன மிஷனரி சபை சபையாகப் பேசி ஆதரவு திரட்டுவது போலவே, பாட்டையாவும் ஸ்தோத்திரப் பண்டிகையில் நின்று கண்டித் தோட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொண்டுபோன தேயிலையும் ஏலக்காயும் சொந்தக்காரர்களுக்கு. திரும்பும்போது பெட்டி நிறையக் கருப்பட்டியும் கருவாடும். ஏலக்காய் மணம் இன்றுவரை மறையாத மூலையொன்று அதில் உண்டு.

சீமைக்குப் போனபின் இங்கே திரும்பி வர ஏங்கிய மிஷனரிமாரும் இருந்தார்கள். கண்டி திரித்துவக் கல்லூரியில் படிப்பித்த டபிள்யூ. எஸ். சீனியர் 1938-இல் இங்கிலாந்தில் இறந்தார். அவர் சாம்பல் கடல் கடந்து வந்து ஹப்புத்தளைக் கோயில் வளவில் அடங்கியது.

1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டார்கள். அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். சித்தப்பா குடும்பமும் அதில் ஏறியது. ஜன்னல் வழியாக அவர், “போயிட்டு வாறோம்மா” என்றார். ஆச்சி தலையை மட்டும் அசைத்தாள். வீட்டுக்கு வந்தபின் பெட்டியைத் திறந்து, மூடியில் விரலால் அந்த நாலு கோடுகளையும் தடவிப் பார்த்தாள். ஆணியைத் தேடவில்லை.